யாரைக் கேட்டு அளந்தார்கள்?

வெயில் ஏறுவதற்கு முன்பே சட்டை நனைந்துவிடும். கணவரின் பழைய முழுக்கைச் சட்டை, இடுப்பில் கைலி, தலையைச் சுற்றி ஒரு துண்டு, காலில் ரப்பர் பூட்ஸ். முதுகில் பம்பு. தண்ணீரும் மருந்துமாக நிரப்பினால் ஒரு பிள்ளையைச் சுமக்கிற கனம். ஒரு கை பிடியை இறைக்க, மறுகை குழாயை நீட்டிப் பிடிக்க, செம்பனை மரங்களின் அடியில் வளரும் புல்லுக்கு வரிசை வரிசையாக மருந்தடித்துக்கொண்டே போக வேண்டும். பம்பின் மூடி கொஞ்சம் தளர்ந்திருந்தால் போதும், மருந்து முதுகுத் தண்டு வழியே இறங்கும். முகமூடி கொடுத்திருப்பார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அரை மணி நேரத்தில் அது நனைந்து மூச்சை அடைக்கும். கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வார்கள். சில மாதங்களில் விரல் நகங்கள் நிறம் மாறும், பிறகு கழன்று விழும். மூக்கில் இரத்தம் வரும். தோட்டத்து மருந்தகத்தில் மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள்.

அந்த மருந்தின் பெயர் பாராகுவாட். கடையில் கிராமாக்சோன். பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் 1962-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது; பின்னாளில் சுவிட்சர்லாந்தின் சின்ஜெண்டா கைக்குப் போனது. ஒரு மடக்கு உள்ளே போனாலே உயிர் தங்காது. நுரையீரலைச் சிறுகச் சிறுகக் கெட்டியாக்கிவிடும். நஞ்சுமுறி மருந்து கிடையாது. இந்தச் சரக்கைத்தான் மலேசியத் தோட்டங்களில் பெரும்பாலும் பெண்கள், அவர்களிலும் பெருந்தொகையாக நம் தமிழ்ப் பெண்கள், பல பத்தாண்டுகள் முதுகில் சுமந்தார்கள்.

இதைப் பற்றி வல்லுநர்கள் ஆராயவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கட்டுக்கட்டாக ஆராய்ந்தார்கள். மருந்தடிப்பவர் உடலில் நாள் ஒன்றுக்கு இவ்வளவு வரை ஏறலாம் என்று ஓர் எல்லை குறித்தார்கள். கையுறை, முகமூடி, கண்ணாடி, மேலங்கி எல்லாம் போட்டுக்கொண்டு, லேபிளில் எழுதியபடி பயன்படுத்தினால் ஆபத்து ஏற்கத்தக்கதே என்று முடிவு கட்டினார்கள். 'ஏற்கத்தக்கது' என்று எழுதியவர் யார்? பம்பைச் சுமந்தவர் எழுதவில்லை. அவரை யாரும் கேட்கவுமில்லை.

பினாங்கிலிருந்து கொஞ்சம் சத்தமாகவே வெளிவந்த கேள்வி இது. பூச்சிமருந்துகளுக்கு எதிரான உலக வலையமைப்பான 'பான்', 1982 மே மாதம் இந்தத் தீவில்தான் பிறந்தது. அதன் ஆசிய பசிபிக் கிளையை நெடுங்காலம் வழிநடத்தியவர் சரோஜினி ரெங்கம். ஐரீன் பெர்னாண்டஸின் தெனாகனித்தா அமைப்போடு சேர்ந்து, தோட்டம் தோட்டமாகப் போய் மருந்தடிக்கிற பெண்களிடம் உட்கார்ந்து பேசி, உடலில் என்னென்ன நடக்கிறது என்று பதிவு செய்து 2002-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. தோட்ட முதலாளிகளும் மருந்துக் கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. 2006-இல் அரசு பின்வாங்கியது. இன்னும் ஆராய வேண்டும் என்றது. கடைசியில் முழுத்தடை வந்தது 2020 சனவரி 1-ஆம் தேதி. இடையில் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

சுவீடன் அதே மருந்தை 1983-லேயே தடை செய்துவிட்டிருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் அனுமதி கொடுத்தபோது சுவீடன் வழக்குப் போட்டது. 2007 சூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த அனுமதியை இரத்து செய்தது. தீர்ப்பில் ஒரு செய்தி முக்கியமானது. குவாத்தமாலா நாட்டில் நடத்திய களஆய்வு ஒன்றில், சொன்னபடி பாதுகாப்பு உடை அணிந்து வேலை செய்தவருக்கும் உடலில் ஏறிய அளவு குறித்த எல்லையைத் தாண்டியிருந்தது. காகிதக் கணக்கில் வரும் தொழிலாளிக்கு வியர்க்காது. அவருடைய பம்பு ஒழுகாது. மதியச் சோற்றுக்கு முன் கை கழுவ அவருக்குச் சுத்தமான தண்ணீரும் கிடைக்கும்.

ஆபத்து மதிப்பீடு என்பது எப்படி நடக்கிறது என்று இங்கே கொஞ்சம் பார்த்துவிடுவது நல்லது. இன்று உலகம் முழுதும் பின்பற்றும் முறைக்கு அடித்தளம் 1983-இல் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் வெளியிட்ட ஓர் அறிக்கை. சிவப்பு அட்டை போட்டிருந்ததால் 'செம்புத்தகம்' என்றே அதற்குப் பெயர். ஒரு பொருள் கேடு விளைவிக்குமா, எந்த அளவில் எவ்வளவு கேடு, மக்கள் உடலில் எவ்வளவு சேருகிறது என்று பார்த்து, கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி ஆபத்து இவ்வளவு என்று சொல்வது. இதுவரை அறிவியல். அதற்குப் பிறகு என்ன செய்வது என்பது அரசின் வேலை. இரண்டையும் பிரித்து வைக்க வேண்டும் என்றது புத்தகம்.

பிரித்து வைப்பது நல்ல யோசனைதான். ஆனால் மதிப்பீட்டுக்குள்ளேயே நூறு இடத்தில் யாரோ ஒருவரின் விருப்பம் உட்கார்ந்திருக்கிறது. எலியில் பார்த்ததை மனிதருக்கு மாற்றும்போது பத்தால் வகுப்பதா, நூறால் வகுப்பதா? சராசரி ஆண் உடலைக் கணக்கில் எடுப்பதா, கர்ப்பிணியையா? லட்சத்தில் ஒருவர் சாகலாமா, பத்து லட்சத்தில் ஒருவர்தானா? இவை எதற்கும் ஆய்வுக்கூடத்தில் பதில் கிடையாது. யாரோ தேர்ந்தெடுக்கிறார்கள். அதே தேசிய ஆராய்ச்சி மன்றமே 1996-இல் இன்னொரு அறிக்கை போட்டு, பாதிக்கப்படப் போகிறவர்களை ஆரம்பத்திலிருந்தே உட்கார வைத்துப் பேசாமல் ஆபத்தைச் சரியாக வரையறுக்கவே முடியாது என்று ஒப்புக்கொண்டது.

மக்கள் ஆபத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதிலும் ஆய்வுகள் உண்டு. 1969-இல் சான்சி ஸ்டார் என்கிற பொறியியலாளர் ஒரு கணக்குப் போட்டார். தானாக விரும்பி ஏற்கும் ஆபத்து என்றால், தன்மேல் திணிக்கப்படும் ஆபத்தைவிட ஆயிரம் மடங்கு அதிகமானாலும் மனிதர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள் என்றார் அவர். பிறகு உளவியலாளர் பால் ஸ்லோவிக்கும் அவருடைய கூட்டாளிகளும் முப்பது ஆபத்துகளைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னார்கள். அணுமின்சாரத்தை ஒரு பெண்கள் அமைப்பினர் முதலிடத்தில் வைத்தார்கள். வல்லுநர்கள் இருபதாம் இடத்தில் வைத்தார்கள். பொதுமக்களுக்கு விஷயம் தெரியவில்லை என்று சிரிப்பது எளிது. ஸ்லோவிக் சொன்னது வேறு. வல்லுநர் ஆண்டுக்கு எத்தனை சாவு என்று மட்டும் எண்ணுகிறார். சாதாரண மனிதர் அதோடு இன்னும் சிலவற்றையும் சேர்த்து எண்ணுகிறார்: என்னைக் கேட்டார்களா, பிள்ளைகளைத் தாக்குமா, லாபம் யாருக்கு, தலைமுறைக்கும் தொடருமா, பொறுப்பில் இருப்பவன் நம்பத்தக்கவனா.

அந்தப் பட்டியலில் அதிகம் பேசப்படாத ஒரு வரி இருக்கிறது. பூச்சிமருந்தை அந்தப் பெண்கள் ஒன்பதாம் இடத்திலும் வல்லுநர்கள் எட்டாம் இடத்திலும் வைத்திருந்தார்கள். கிட்டத்தட்ட ஒரே கருத்து. ஆக, பாராகுவாட் தடைக்கு அத்தனை காலம் ஆனதற்கு மக்களின் அறியாமையைக் காரணம் காட்ட வழியில்லை.

மக்கள் விருப்பத்துக்கு மதிப்பீட்டில் இடமில்லாமல் போனால் அது வேறு வாசல் தேடும். அந்த வாசல் எது என்று தெரிந்துகொள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் வரலாற்றைப் புரட்டினாலே போதும். தமிழ் முஸ்லிமான எஸ்.எம். முகமது இத்ரிஸ் 1970 முதல் 2019 மே 17-ஆம் தேதி தம் 92-ஆம் வயதில் மறையும் வரை அதன் தலைவர். சங்கத்தின் ஆரம்பக் காலப் போராட்டங்களில் ஒன்று கரைக்கு அந்தப் பக்கம், செபராங் பிறையில். பிறை தொழிற்பேட்டைக் கழிவு சுங்கை ஜூருவில் கலந்து, மீன் நாறத் தொடங்கியபோது கோலா ஜூரு மீனவர்கள் சங்கத்தின் கதவைத் தட்டினார்கள். எழுபதுகளில் நடந்தது அது. மீனவர்களிடம் பரிசோதனை அறிக்கை இல்லை. வலையில் ஏறியதைக் கொண்டுவந்து காட்டினார்கள்.

ஆனால் சங்கத்தின் பெயரை நாடறியச் செய்த வழக்கு பேராக்கில் நடந்தது. ஈப்போ அருகே புக்கிட் மேரா. 1979-இல் தொடங்கிய ஏசியன் ரேர் எர்த் நிறுவனத்தில் ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல் முக்கியப் பங்குதாரர். வெள்ளீயச் சுரங்கம் விட்டுச்சென்ற 'அமாங்' மண்ணில் மோனசைட் இருக்கும். அதிலிருந்து அரியமண் தனிமங்களைப் பிரித்தெடுப்பது தொழில். பிரித்த பிறகு மிஞ்சுவது தோரியக் கழிவு. கதிரியக்கம் உள்ளது. தோரியம் பாதியாகத் தேய 1,400 கோடி ஆண்டுகள் ஆகும்.

கழிவை எங்கே கொட்டுவது? முதலில் பாரிட் என்றார்கள். பாரிட் மக்கள் எதிர்த்தார்கள், கைவிட்டார்கள். பிறகு பாப்பான் என்றார்கள். 1984 மே மாதம் பாப்பானிலும் சுற்றுவட்டாரத்திலும் 6,700 பேர் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். கழிவுக்காக வெட்டிய பள்ளங்கள் பாதுகாப்பானவை என்று மேலிருந்து சொல்லப்பட்டுக்கொண்டே இருந்தது. அரசின் அழைப்பில் வந்த பன்னாட்டு அணுசக்தி முகமைக் குழுவே வந்து பார்த்து, பாதுகாப்பானவை இல்லை என்று சொல்லிவிட்டது. படிக்காத ஊர்ச்சனம் பயந்தது சரி, பொறியாளர்கள் தைரியம் சொன்னது தவறு என்று ஆகிவிட்டது. இதற்கிடையில் 1982 முதல் புக்கிட் மேராவில் ஆலை ஓடிக்கொண்டிருந்தது. கழிவும் அங்கேயே குவிந்தது. ஜப்பானியப் பேராசிரியர் சதாவோ இச்சிகாவா 1984 டிசம்பரில் வந்து ஆலையை ஒட்டிய வெளியில் அளந்தபோது, சில இடங்களில் அனுமதித்த அளவைவிடப் பல நூறு மடங்கு கதிரியக்கம் இருந்ததாகச் சொன்னார்.

1985 பிப்ரவரியில் எட்டுப் பேர் ஊர் சார்பில் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பின்னால் நின்றது. அக்டோபரில் தடையாணை கிடைத்தது. அணுசக்தி உரிம வாரியம் உரிமம் கொடுக்க, 1987 பிப்ரவரியில் ஆலை மறுபடி ஓடியது. ஏப்ரலில் பத்தாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். அக்டோபரில் ஆபரேசி லாலாங் என்ற கைது நடவடிக்கை. அதில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடிபட்டவர்களில் பேராக் கதிரியக்க எதிர்ப்புக் குழுவினரும், வழக்கை நடத்திய சங்கத்தின் வழக்கறிஞர் மீனாட்சி ராமனும் உண்டு. அவர் 47 நாள் உள்ளே இருந்தார். தன் ஊருக்கு இந்த ஆபத்து வேண்டாம் என்று சொல்லும் உரிமைக்குக் கொடுத்த விலை இது. ஸ்லோவிக்கின் புகழ்பெற்ற கட்டுரை அறிவியல் இதழில் வந்ததும் அதே 1987-இல்தான்.

வழக்கு விசாரணை 32 மாதங்களில் 65 நாள் நடந்தது. வல்லுநருக்கு எதிராக வல்லுநர். பினாங்கு மருத்துவர் டி. ஜெயபாலன் ஊர் மக்களின் உடல்நிலையை ஆராய்ந்திருந்தார். பதினோராயிரம் பேர் வாழும் ஊரில் ஐந்தாண்டுக்குள் எட்டு இரத்தப் புற்றுநோய்கள் என்றும், அதற்கு முன் பல காலம் அங்கே அந்த நோயே இல்லை என்றும் ஊர் சொன்னது. தங்கள் ஆலைக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்று நிறுவனம் சொன்னது.

வழக்கின் முடிச்சு இங்கேதான் விழுகிறது. எட்டு என்கிற எண்ணிக்கை புள்ளியியலுக்குப் போதாது. சின்ன ஊரில் தற்செயலாகவும் நோய்கள் கூடி வரலாம். ஆலைதான் காரணம் என்று ஐயமற நிரூபிக்கச் சொன்னால், இந்த அளவு ஊரில் ஒருபோதும் நிரூபிக்க முடியாது. ஆலை காரணமே இல்லை என்றும் நிரூபிக்க முடியாது. அப்படியானால் எந்தப் பக்கம் தவறு செய்யலாம்? நல்ல ஆலையை மூடிவிடுகிற தவறா, கெட்ட ஆலையை ஓடவிடுகிற தவறா? அறிவியலின் வழக்கம், உறுதியான சான்று வரும்வரை தொடர்பு இருப்பதாகச் சொல்லாமல் இருப்பது. ஆராய்ச்சிக் கட்டுரைக்கு அது நல்ல ஒழுக்கம். குழந்தை வளர்க்கும் தாய்க்கு அதே ஒழுக்கத்தைக் கட்டாயப்படுத்தினால், ஐயத்தின் பலன் முழுக்க ஆலைக்கே போய்விடும். எந்தத் தவறைத் தாங்கிக்கொள்ளலாம் என்பது தாங்கப் போகிறவர் சொல்ல வேண்டிய பதில். மக்களின் ஆபத்து விருப்பத்தை மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்று நான் வாதிடுவது முதன்மையாக இந்த ஓர் இடத்துக்காகத்தான்.

1992 சூலை 11-ஆம் தேதி நீதிபதி பே சுவீ சின் ஊருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். பதினான்கு நாளில் ஆலையை மூடச் சொன்னார். உச்சநீதிமன்றம் 1993 டிசம்பர் 23-ஆம் தேதி அதைத் தள்ளிவிட்டது. நிறுவனத்தின் வல்லுநர்கள் செய்த அளவீடுகளே நம்பத்தக்கவை என்றும், குறை இருந்தால் உரிம வாரியத்திடம் போயிருக்க வேண்டும் என்றும் காரணம் சொன்னது. உரிமம் கொடுத்தவரிடமே முறையிடச் சொன்னார்கள். சட்டத்தில் ஊர் தோற்றது. ஆனால் 1994 சனவரியில் நிறுவனம் தானாகவே கடையைக் கட்டியது. பிறகு நடந்த துப்புரவுக்குப் பத்துக்கோடி அமெரிக்க டாலர் அளவுக்குச் செலவானதாக நியூயார்க் டைம்ஸ் 2011-இல் எழுதியது. ஆலைக்கு அடியிலிருந்த மண்ணையும் தோண்டி எடுத்து, ஒரு குன்றின் உச்சியை வெட்டி உள்ளே புதைத்து, மேலே களிமண்ணும் கருங்கல்லும் போட்டு மூடினார்கள். ஆபத்தே இல்லை என்று சொன்ன இடத்தில் அத்தனை செலவு எதற்கு என்று பேராக்கில் இன்றும் கேட்பார்கள்.

மக்கள் சொல்வதெல்லாம் வேதமா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. 2019-இல் நடந்த தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நம்மவர்களிடையே அது இன்னும் மோசம். கதிரியக்கத்துக்கு எதிராகக் கொடிபிடித்த கையில் இரண்டு கரண்டி கெட்டிப்பால் ஊற்றிய தேத்தண்ணீரும் இருக்கும். பினாங்குப் பாலத்தில் மோட்டார் சைக்கிளை எப்படி ஓட்டுகிறோம் என்று சொல்லவே வேண்டாம். ஸ்டார் சொன்ன ஆயிரம் மடங்கு இங்கே கண்ணெதிரே நடக்கிறது. தடுப்பூசிக்கு எதிரான வதந்தியும் ஒருவகை மக்கள் விருப்பம்தான். அதற்காகத் தட்டம்மைக் கணக்கை மாற்றி எழுத முடியாது. எவ்வளவு ஆபத்து என்பதை ஆய்வு சொல்லட்டும். அது போதுமா, கூடுதலா, யார் தலையில் விழுகிறது என்பதை மக்கள் சொல்லட்டும்.

இதைவிடக் கனமான சங்கடம் ஒன்று உண்டு. பாரிட் மக்கள் வேண்டாம் என்றார்கள். ஆபத்து பாப்பானுக்குப் போனது. பாப்பான் வேண்டாம் என்றது. கழிவு புக்கிட் மேராவிலேயே கிடந்தது. குரல் உள்ள ஊர் தள்ளிவிட்டதைக் குரல் இல்லாத ஊர் வாங்கிக்கொள்கிறது. விருப்பத்தைச் சத்தத்தால் அளந்தால் இதுதான் நடக்கும். பணத்தால் அளந்தால் இன்னும் மோசம். பொருளாதார நிபுணர்கள் விரும்பும் முறை ஒன்று இருக்கிறது: இந்த ஆபத்தைக் குறைக்க எவ்வளவு கொடுப்பீர்கள் என்று மக்களைக் கேட்பது, அல்லது ஆபத்தான வேலைக்கு எவ்வளவு கூலி அதிகம் வாங்குகிறார்கள் என்று பார்த்து உயிருக்கு விலை கணக்கிடுவது. தோட்டத்தில் மருந்தடித்த பெண்ணுக்கு அந்த முறையைப் பொருத்திப் பாருங்கள். நாட்கூலிக்காரி அவள். மறுத்தால் மண்டோர் நாளைக்குப் பெயர் கூப்பிட மாட்டார். லைன் வீடும் வேலையோடு ஒட்டியது. அவள் பம்பைத் தூக்கினாள் என்பதற்காக அந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டாள் என்று கணக்கெழுதினால் அது மோசடி. வேறு வேலை கிடைக்கும் என்றிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று கேட்பதுதான் உண்மையான அளவு. அதை வாக்கெடுப்பிலோ வினாத்தாளிலோ அறிய முடியாது. 2002 ஆய்வுக்குச் செய்ததுபோல உட்கார்ந்து பேச வேண்டும், அதுவும் தமிழில்.

தமிழகத்திலும் இதே சிக்கல் உண்டு. கூடங்குளம் அணுமின் நிலைய வழக்கில் 2013 மே 6-ஆம் தேதி இந்திய உச்சநீதிமன்றம், மக்களின் அச்சம் நியாயமானதாக இருந்தாலும் பெரிய பொதுநலனைத் தாண்டி நிற்க முடியாது என்ற பொருளில்தான் எழுதியது. அந்தப் பொதுநலன் எது என்று வரையறுக்கும் மேசையில், நிலையத்தை எதிர்த்த இடிந்தகரை ஊருக்கு நாற்காலி போடப்படவில்லை.

இது பழைய கதை என்று மூடிவைக்க முடியாது. 2012 முதல் குவாந்தான் அருகே கெபெங்கில் லைனாஸ் ஆலை ஆஸ்திரேலியத் தாதுவைக் கொண்டுவந்து பதப்படுத்துகிறது. அதற்கு எழுந்த எதிர்ப்பில் அடிக்கடி கேட்ட பெயர் புக்கிட் மேரா. 2024 சனவரி முதல் பதப்படுத்தாத அரியமண் தாதுவை ஏற்றுமதி செய்ய மலேசியா தடை விதித்திருக்கிறது. மூலப்பொருளை விற்காமல் இங்கேயே பதப்படுத்திக் காசு பார்க்க வேண்டும் என்பது நோக்கம். மின்சார காருக்கும் காற்றாலைக்கும் இந்த உலோகங்கள் வேண்டும். அதை மறுப்பதில் அர்த்தமில்லை. ஆனால் பதப்படுத்தினால் மிச்சம் இருக்கும். மிச்சத்துக்கு ஓர் ஊர் தேவைப்படும்.

இப்படிப்பட்ட பெரிய திட்டங்களுக்கான சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கையைச் சுற்றுச்சூழல் துறை பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, எழுத்துப்பூர்வமான கருத்து கேட்கும். உடல்நல பாதிப்பு பற்றிய அத்தியாயமும் அதில் இருக்கும். அந்த நேரத்தில்தான் நாம் பெரும்பாலும் தூங்கிவிடுகிறோம். வேலை தொடங்கி லாரி வந்த பிறகு விழிக்கிறோம். உங்கள் வட்டாரத்தில் அப்படி ஓர் அறிக்கை வந்தால், தோட்டத்துப் பள்ளிப் பெற்றோர் சங்கமோ கோயில் நிர்வாகமோ நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு போய் அந்த அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். 'ஏற்கத்தக்கது' என்ற சொல் எங்கே வருகிறது என்று தேடுங்கள். அதற்குமுன் உங்கள் ஊரில் யாரிடம், எந்த மொழியில், என்ன கேட்டார்கள் என்று எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.